அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்றவர்கள்

வாசகர் கேள்வி – பதில்

பல்கலைக்கழக வளாகத்தின் அன்றாட வாழ்க்கை குறித்தும் அதில் நேர்ந்துவரும் மாற்றங்கள் குறித்தும் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். முதலாண்டு மாணவர் முதல் பெற்றோர் வரை பலரும் எழுதியிருக்கிறார்கள். இடம் கருதிச் சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லாருடைய பெயரையும் விட்டுவிட்டேன். முப்பத்தோராண்டுக் காலம் வகுப்பறையில் நின்றவன் என்பதைத் தவிர, பதில் சொல்ல எனக்கு வேறு தகுதி இல்லை.

*கேள்வி: இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, நான் படித்த பல்கலைக்கழகத்துக்கு ஒரு சான்றிதழ் வாங்கப் போயிருந்தேன். கட்டடங்கள் அப்படியே இருந்தன; மரங்கள் இன்னும் உயர்ந்திருந்தன. தேர்வு முடிவு வெளியாகும் நாள் என்று சொன்னார்கள். ஆனாலும் ஏதோ ஒன்று இல்லை என்ற உணர்வு வீடு திரும்பும்வரை விடவில்லை. இல்லாமற்போனது எது என்று உங்களால் சொல்ல முடியுமா?*

பதில்: தேர்வு முடிவு நாள் என்று நீங்களே எழுதியிருப்பதால் துணிந்து சொல்கிறேன். அங்கே இல்லாமற்போனது ஒரு கூட்டம்.

துறை அலுவலகத்துக்கு வெளியே, கம்பிவலைக் கதவு போட்ட ஒரு பலகை இருந்தது நினைவிருக்கும். அலுவலக உதவியாளர் நான்கு குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, தட்டச்சுத் தாள்களைச் சுருட்டி அக்குளில் இடுக்கியபடி வருவார். அவர் நடையின் வேகத்தைப் பார்த்தே அது முடிவுப் பட்டியலா, வெறும் கட்டண அறிவிப்பா என்று சொல்லிவிடும் நிபுணர்கள் எங்கள் காலத்தில் இருந்தார்கள். தாள் ஒட்டப்பட்டதும் முன்வரிசையில் நிற்பவர் பின்னால் இருப்பவர்களுக்காக எண்களை உரக்க வாசிப்பார். தன் எண் கண்ணில் படாதவன் மீண்டும் மேலிருந்து தொடங்கி ஒவ்வோர் எண்ணாக விரலை ஓட்டுவான். இரண்டாம் முறையும் விரல் கடைசி வரியைத் தாண்டிவிட்டால், அவன் திரும்புவதற்கு முன்பே அவன் தோளில் ஒரு கை விழும். அந்தக் கை யாருடையது என்பது பல நேரங்களில் அவனுக்கே தெரியாது. பக்கத்துத் துறையில் படித்த, அதே பட்டியலில் தன் எண்ணையும் காணாத இன்னொருவனுடையதாக இருக்கும்.

இன்று முடிவு செல்பேசிக்கு வந்துவிடுகிறது. நள்ளிரவில் வந்தாலும் உடனே பார்க்கலாம்; பார்ப்பவர் தனியாகவே பார்க்கிறார். பழையது சிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவருடைய தோல்வி ஊரறியச் சுவரில் தொங்குவது கொடுமைதான். அந்தப் பலகைக்கு முன்னால் கூசிப்போய், கூட்டம் கலைந்தபின் இருட்டில் வந்து தீக்குச்சி கிழித்துப் பார்த்தவர்களும் உண்டு. மதிப்பெண் அவரவருக்கு மட்டும் தெரிவது நல்ல மாற்றம். அதைத் திரும்பப் பெறவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன்.

ஆனால் வளாகத்தில் நிகழ்ந்த மாற்றங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு காத்திருப்பை ஒழித்த மாற்றங்கள் என்பதைக் கவனியுங்கள். கட்டணம் கட்டும் வரிசை, நூல் எடுக்கும் வரிசை, கணினி அறையில் இடம் காலியாகும்வரை வாசலில் நிற்பது, நெறியாளர் அறைக் கதவு திறக்கட்டும் என்று தாழ்வாரத்தில் உலாவுவது ஆகிய ஒவ்வொன்றும் எரிச்சலூட்டியது, ஒவ்வொன்றும் ஒழிந்தது, ஒழிந்தபோது ஒவ்வொரு முறையும் மகிழ்ந்தோம். அந்த எரிச்சலின் போதுதான் நம் வகுப்பில் இல்லாத, நம் விடுதியில் இல்லாத, வேறெந்தக் காரணத்துக்காகவும் நாம் சந்தித்திருக்க முடியாத ஒருவரோடு பேச்சுக் கொடுத்தோம் என்பது வரிசைகள் எல்லாம் போனபின்தான் புலப்படுகிறது.

*கேள்வி: இத்தனைக்கும் காரணம் வெளியிலிருந்து வளாகத்துக்குள் புகுந்த தொழில்நுட்பந்தானே?*

பதில்: வெளியிலிருந்தா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் டிரோஜன் அறை என்று அழைக்கப்பட்ட இடத்துக்கு வெளியே ஒரு காப்பிப் பானை இருந்தது. வேறு தளங்களில் இருந்த ஆய்வாளர்கள் படியிறங்கி வந்து பார்த்தால் பானை பெரும்பாலும் காலியாக இருக்கும். எனவே 1991-இல் அதன் எதிரே ஒரு கேமராவைப் பொருத்தி, பானையில் எவ்வளவு இருக்கிறது என்பதை அவரவர் மேசைக் கணினியிலேயே பார்க்க வழிசெய்தார்கள். கறுப்பு வெள்ளையில், 128 புள்ளி அகலமும் 128 புள்ளி உயரமும் கொண்ட சிறு படம். 1993-இல் அது இணையத்தில் ஏறியது; உலகின் முதல் வெப்கேமரா என்று இன்று சொல்லப்படுவது அதுதான். 2001 ஆகஸ்ட் 22 அன்று அணைக்கப்படும்வரை, அந்தக் காப்பியை ஒருநாளும் குடிக்க வாய்ப்பில்லாத பல்லாயிரம் பேர் உலகெங்கிலுமிருந்து அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீண்நடையைத் தவிர்க்கும் ஆசை வளாகத்துக்குள்ளேயே பிறந்தது. காலிப் பானைக்கு முன்னால் ஏமாந்து நின்ற இருவர் அந்த ஏமாற்றத்தின் போது என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைத்தான் எந்தக் கேமராவும் பதிவு செய்யவில்லை.

*கேள்வி: ‘கேம்பஸ்’ என்பதற்கு ‘வளாகம்’ பொருத்தமான சொல்தானா?*

பதில்: மூலத்தைவிட அழகான சொல் என்பேன். ‘காம்பஸ்’ என்றால் இலத்தீனில் வயல், வெளி. 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் கல்லூரியைச் சுற்றியிருந்த வெற்று நிலத்தைக் குறிக்க அந்தச் சொல்லை எடுத்தாண்டார்கள். நம்முடையது அதைவிட மிகப் பழையது. புறநானூற்றின் 189-ஆம் பாட்டில் நக்கீரர், கடல் சூழ்ந்த உலகைத் ‘தெண்கடல் வளாகம்’ என்கிறார். அதையடுத்து ‘பொதுமை இன்றி’ என்று வருகிறது, அதாவது பிறரோடு பகிராமல் ஒருவனே ஆள்வது. நம் வளாகங்களுக்கு அந்த இரண்டாம் பாதி பொருந்தாமல் இருக்கும்வரை நல்லது.

*கேள்வி: கைரேகைக் கருவி வைத்துவிட்டார்கள். ஒரு நிமிடம் தாமதமானாலும் ‘ஆப்சென்ட்’. நண்பன் ‘ப்ராக்ஸி’ கொடுத்துக் காப்பாற்றிய காலம் போய்விட்டது. வயது வந்தவர்களுக்கு வருகைப்பதிவு எதற்கு, ஐயா?*

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம். எந்தப் பாதி என்று சொல்லுமுன் ஒரு பழைய கதை.

ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று கருதப்படும் போலோஞாவில் வருகைப்பதிவு இருந்தது, ஆனால் அது ஆசிரியருக்கு இருந்தது. அங்கே மாணவர்கள் சங்கமாகத் திரண்டு ஆசிரியர்களைக் கட்டுப்படுத்தினார்கள். மணியடித்ததும் பாடத்தைத் தொடங்காவிட்டால் அபராதம். அடுத்த மணிக்குப் பிறகும் இழுத்தால் அபராதம். கடினமான பகுதியைத் தாண்டிச் சென்றால் அபராதம். முறையான விரிவுரைக்கு ஐந்து பேரைக்கூட வரவழைக்க முடியாத ஆசிரியர் வராதவராகவே கணக்கிடப்பட்டார். ஊரை விட்டுப் போகவேண்டுமானால், திரும்பி வருவதற்கு ஈடாக முன்பணம் கட்டிவிட்டுத்தான் போகவேண்டும். இப்படிப்பட்ட விதிகளின் கீழ் நான் பணியாற்றியிருந்தால், கடைசி வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டாலே எனக்கு வியர்த்திருக்கும்.

ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் வேறொரு வழக்கம் நிலைத்தது. அட்டவணையில் பத்து மணி என்று போட்டு அருகில் ‘சி.டி.’ என்ற இரண்டெழுத்தைச் சேர்த்தால், வகுப்பு பத்தேகால் மணிக்குத் தொடங்கும் என்று பொருள். ‘காலத்தோடு’ என்பது அந்த இலத்தீன் சுருக்கத்தின் விரிவு. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்கவும் வழியில் ஒருவரை நிறுத்திப் பேசவும் ஆகும் நேரத்தை விதிமீறலாக்காமல் விதிக்குள்ளேயே அடக்கிவிட்ட ஏற்பாடு அது.

வகுப்புக்கு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறில்லை. நான்கு பேர் மட்டும் வந்த வகுப்பில் விவாதம் நடக்காது என்பதை நான் பட்டறிந்திருக்கிறேன். கைரேகைக் கருவி உறுதிசெய்வதோ விரல் வந்ததை மட்டுந்தான். ப்ராக்ஸி கொடுப்பதைப் பிடிப்பதில் எனக்கு ஆர்வம் இருந்ததில்லை. ஆனால் யார் யாருக்கு ப்ராக்ஸி கொடுக்கிறார்கள் என்பதை வைத்து யாருக்கு யார் நண்பர் என்பதைத் துல்லியமாக அறிந்துவைத்திருந்தேன். அட்டவணையில் நடைக்கும் பேச்சுக்கும் பத்து நிமிடம் கேட்டு உங்கள் துறைக்கு எழுதுங்கள். கருவியை எடுத்துவிடச் சொல்வதைவிட அது கிடைக்க வாய்ப்பு அதிகம்.

*கேள்வி: நான் நூலக உதவியாளர். நூல் எடுப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். ஆனால் வாசிப்பு மேசைகளில் இடம் கிடைக்காமல் திரும்பிப் போகிறார்கள். இந்த முரண்பாட்டை எப்படிப் புரிந்துகொள்வது?*

பதில்: உங்கள் கடிதம் இந்த மாதத்தின் மிகச் சிறந்த அவதானிப்பு. மாணவர்கள் நூலகத்துக்கு வருவது நூலுக்காக மட்டும் அல்ல என்பது இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. சுற்றிலும் பத்துப் பேர் படிக்கும்போது நமக்கும் படிக்க வருகிறது. அறையில் தனியாக இருக்கும்போது மேசை விளக்கைத் துடைக்கத் தோன்றுகிறது. ஆக்ஸ்ஃபர்டின் பாட்லியன் நூலகத்தில் சேரும் வாசகர்கள், நூலகத்துக்குள் தீயோ சுடரோ ஏற்றமாட்டேன் என்று இன்றும் உறுதிமொழி தருகிறார்கள். குளிர்நாட்டில் நெருப்பில்லாத மண்டபத்தில் போய் உட்கார்ந்து படிப்பதற்கு அடுத்த மேசைக்காரரின் முதுகுதான் கதகதப்பாக இருந்திருக்க வேண்டும்.

இழந்ததும் ஒன்று உண்டு. மர இழுப்பறைகளில் அடுக்கியிருந்த பட்டியல் அட்டைகளை உங்களுக்கு நினைவிருக்கும். உலகெங்கும் நூலகங்களுக்கு அவற்றை அச்சிட்டு அனுப்பிவந்த ஓ.சி.எல்.சி. என்ற அமைப்பு, 2015 அக்டோபர் 1 அன்று கடைசி அட்டைகளை அச்சிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. அந்த இழுப்பறையைத் திறந்தவுடன் ஒன்று தெரியும்: பலர் தேடிய பொருள்களின் அட்டைகள் மேல்விளிம்பில் கறுத்திருக்கும், யாரும் தேடாதவை வெள்ளையாகவே இருக்கும். முன்பின் தெரியாத மாணவர்களின் ஆர்வம் விரல் அழுக்காகப் படிந்து நமக்கு வழிகாட்டியது. வெள்ளை அட்டைகளையே தேடிப் போன சில கிறுக்கர்களும் இருந்தார்கள்; அவர்களில் இருவர் பின்னாளில் நல்ல ஆய்வாளர்களானார்கள்.

அடுக்குக்கு நேரில் செல்வதன் பயனும் அதுவே. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்க உதவும், 1876-இல் வெளியான டூயி பகுப்பு முறையில் தமிழ் மொழிக்கு 494.811, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. இலக்கணம் தேடி முதல் எண்ணுக்குப் போனவர், அதே தட்டில் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் உரிய எண்களைக் கண்டு கை நீட்டுவார். தேடுபொறி கேட்டதைக் கொடுக்கிறது. தட்டு கேட்காததையும் கொடுத்தது. உங்கள் நூலகத்தில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். திருப்பித் தரப்பட்ட நூல்களை உடனே அடுக்குக்கு அனுப்பாமல், வாசிப்பு மேசைகளுக்குப் போகும் வழியில் ஒரு தள்ளுவண்டியில் ஒருநாள் வைத்திருங்கள். யாரோ படித்து முடித்தது என்பதற்காகவே அவற்றைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

*கேள்வி: என் மடிக்கணினியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிடிஎஃப் கோப்புகள் உள்ளன. படித்தவை இருபது இருக்கலாம். இது நோயா?*

பதில்: நோய்தான், ஆனால் பரம்பரை நோய். எங்கள் தலைமுறைக்கு அது ஜெராக்ஸ் வடிவில் வந்தது. நூலை நகலெடுத்து, சுருள்கம்பி போட்டு, மேசைமேல் வைத்தவுடன் படித்துவிட்டதுபோன்ற ஒரு நிறைவு கிடைக்கும்.

நகலெடுப்பதே படிப்பாக இருந்த காலமும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் பாரிசிலும் போலோஞாவிலும், பல்கலைக்கழகம் சரிபார்த்து ஏற்ற மூலப்படி ஒன்றைப் புத்தகக் கடைக்காரர் சிறுசிறு ஏடுகளாகப் பிரித்து வைத்திருப்பார். மாணவர் ஓர் ஏட்டை வாடகைக்கு எடுத்து, கையால் பார்த்தெழுதி, திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஏட்டை வாங்குவார். அடுத்ததை வேறொருவர் வைத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். இந்த முறையால் ஒரே நூலைப் பலர் ஒரே காலத்தில் படியெடுக்க முடிந்தது. தன் ஏட்டுக்கு முன்னும் பின்னும் எந்த மாணவர் இருக்கிறார் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

ஆயிரம் கோப்புகளில் ஒன்றைத் தேர்ந்து, அதில் உங்களுக்கு மிகவும் தேவையான இரண்டு பக்கத்தைக் கையால் எழுதிப் பாருங்கள். மீதி தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் எவை வேண்டாதவை என்று அப்போதே தெரியத் தொடங்கும்.

*கேள்வி: விரிவுரைகளைப் பதிவுசெய்து தருகிறார்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டால் நாற்பது நிமிடத்தில் ஒரு மணி நேரப் பாடம் முடிகிறது. பிறகு வகுப்புக்கு ஏன் போகவேண்டும்?*

பதில்: விரிவுரைக்காக மட்டும் என்றால் போகத் தேவையில்லை. என் விரிவுரைகளில் சிலவற்றை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டாலும் இழப்பு நேராது.

தொலைவிலிருந்து கற்பிப்பதையே நோக்கமாகக் கொண்டு 1969-இல் சாசனம் பெற்ற பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1971-இல் வானொலி, தொலைக்காட்சி, அஞ்சல் வழியாகப் பாடங்களைத் தொடங்கியபோதே, கோடையில் மாணவர்களை ஒரு வாரம் ஓரிடத்தில் கூட்டித் தங்கவைக்கும் பள்ளிகளையும் சேர்த்தே நடத்தியது. சந்திக்காமலே கற்பிப்பதற்காகப் பிறந்த நிறுவனத்துக்கே சந்திப்பு தேவைப்பட்டது. 2020-இல் பெருந்தொற்றால் வகுப்புகள் திரைக்கு மாறியபோது என் முன்னால் அறுபது கறுப்புச் சதுரங்கள் இருந்தன. நான் சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்தார்களா என்று தெரியாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போவது எப்படி இருக்கும் என்பதை அன்று கற்றேன். ‘இது புரியவில்லை’ என்று முகத்தைச் சுளிக்கும் ஒரே ஒரு மாணவியின் முகம், அதற்கு முன்பெல்லாம், அடுத்த பத்து நிமிடப் பாடத்தை மாற்றியிருக்கிறது. பதிவில் கேட்பவருக்கு அந்த மாற்றிய பாடம் கிடைக்கும். மாற்றும் வாய்ப்புக் கிடைக்காது.

*கேள்வி: உள்மதிப்பீட்டுக் கட்டுரையை நானே எழுதினேன். கண்டறியும் மென்பொருள் அதில் பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று காட்டியதால் மதிப்பெண் மறுக்கப்பட்டது. நான் எழுதியதை நான்தான் எழுதினேன் என்று எப்படி நிரூபிப்பது, ஐயா?*

பதில்: முதலில், உங்கள் துறைத்தலைவரிடம் பணிவாகவும் உறுதியாகவும் சொல்லவேண்டிய செய்திகள். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியானது. அதை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 தொடக்கத்தில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டு, அதன் துல்லியம் குறைவு என்று கூறி அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த ஆண்டிலேயே ஸ்டான்ஃபர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபெல் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறித்தன. எளிய சொற்களில், பழகிய தொடர்களில் எழுதுவது இயந்திரத்தின் அடையாளம் என்று கருவி கருதுகிறது. கற்ற மொழியில் கவனமாக எழுதுபவரும் அப்படித்தான் எழுதுவார். ஆகவே அந்த எண்ணை ஐயத்துக்குத் தொடக்கமாகக் கொள்ளலாமே ஒழிய, தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது.

அடுத்து நீங்கள் செய்யவேண்டியது. கோப்பின் முந்தைய வடிவங்கள், கைக்குறிப்புகள், நூலகத்தில் எடுத்த நூல்களின் பதிவு ஆகியவற்றைத் திரட்டுங்கள். அவற்றோடு, வாய்மொழியாக என்னைக் கேளுங்கள் என்று எழுத்திலேயே கோருங்கள். இது சலுகை கேட்பதாகாது. எழுத்துத் தேர்வே பல்கலைக்கழகத்தில் பின்னால் வந்ததுதான்; அதற்கு முன் பல நூற்றாண்டுகள் மாணவர் எழுந்து நின்று தன் கருத்தைச் சொல்லி, எதிர்வாதத்துக்கு விடையளித்துத்தான் பட்டம் பெற்றார். கேம்பிரிட்ஜ் இன்றும் தன் தேர்வை ‘டிரைப்பாஸ்’ என்று அழைப்பது, அந்த வாதப்போரின் போது ஒருவர் அமர்ந்த முக்காலியின் நினைவாகத்தான் என்பார்கள்.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். இயந்திரம் எழுதியதோ என்று நான் ஐயுற்ற கட்டுரை ஒன்று இருந்தது; வழுவழுவென்று ஒரு பிசிறும் இல்லாமல் இருந்தது. எழுதிய மாணவியை அழைத்து, உள்ளடக்கம் பற்றி ஒன்றும் கேட்காமல், “இந்த மூன்றாம் பத்தியை ஏன் இங்கே வைத்தீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். “முதலில் கடைசியில்தான் சார் வைத்திருந்தேன். அங்கே வைத்தால் முடிவு இரண்டு முறை வருவதுபோல் இருந்தது. மேலே கொண்டுவந்தபின் இதற்கு முன்னிருந்த ஒரு பத்தி தேவையில்லாமல் போய்விட்டது, அதை வெட்டிவிட்டேன். வெட்டியதில் எனக்கு வருத்தந்தான்” என்றார். எழுதியவருக்கு மட்டுமே வெட்டிய பத்தி தெரியும். அந்தப் பத்தியைக் கேட்டு வாங்கிப் படித்தேன்; வெட்டியது சரி என்றே எனக்கும் பட்டது. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அறுபது மாணவருக்கு ஐந்து ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். அது ஆசிரியரின் சுமை என்பது எனக்குத் தெரியும். கருவியை நம்புகிறவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் அல்லர், நேரமில்லாதவர்கள். அந்த நேரத்தைத் துறை ஒதுக்கித் தரவேண்டும்.

*கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. எங்கள் ஆய்வகம் மூன்றாம் தளத்தில் இருக்கிறது. பெண்களுக்கான கழிப்பறை தரைத்தளத்தில் மட்டும். ஆண்களுக்கு ஒவ்வொரு தளத்திலும் உண்டு. சோதனையைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கிப் போக முடியாது என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். “பழைய கட்டடம், என்ன செய்வது?” என்கிறார்கள்.*

பதில்: “பழைய கட்டடம்” என்பது விளக்கமே தவிர விடை ஆகாது. யார் வருவார்கள் என்று எதிர்பார்த்துக் கட்டினார்களோ அதைச் சுவர்கள் மறப்பதில்லை. நாம்தான் மறந்துவிட்டு, இயற்கை நியதிபோல் பேசுகிறோம்.

வருவார்கள் என்று எதிர்பார்க்கப்படாதவர்கள் வந்தபோது என்ன நடந்தது என்பதற்கு ஒரு சான்று. 1890-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் பிலிப்பா ஃபாசெட் என்ற பெண், முதலிடம் பெற்ற ஆண் மாணவரையும் விஞ்சிய மதிப்பெண் எடுத்தார். பெண்களுக்குத் தனிப் பட்டியல் என்பதால் முதலிடம் அந்த மாணவருக்கே சென்றது. ஃபாசெட்டின் பெயருக்கு நேராக ‘முதல்வருக்கு மேல்’ என்று குறித்தார்கள். கேம்பிரிட்ஜ் பட்டமும் தரவில்லை. பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று 1897-இல் வாக்கெடுப்பு நடந்தபோது, எதிர்த்தவர்கள் மிதிவண்டியில் அமர்ந்த பெண்ணின் உருவபொம்மையைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். ஆக்ஸ்ஃபர்ட் 1920-இலும் கேம்பிரிட்ஜ் 1948-இலும்தான் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கின.

உங்கள் கடிதத்தைப் படித்தபின் நான் பணியாற்றிய கட்டடத்தை மனத்துக்குள் ஒருமுறை சுற்றிவந்தேன். அங்கும் அப்படித்தான். முப்பத்தோராண்டு அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கியவன் நான். ஒருநாளும் அது என் கண்ணில் படவில்லை. உடன் பணியாற்றிய ஆசிரியைகள் பதினொரு மணி இடைவேளையில் ஏன் அவசரமாகக் கீழே இறங்கினார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. உங்கள் தளத்தில் பணியாற்றும் பெண்கள் அனைவரும் கையெழுத்திட்டு, ஆண்களுக்குரியவற்றில் ஒன்றை உடனடியாகப் பெண்களுக்கு ஒதுக்கும்படி கேளுங்கள். புதுக் கட்டுமானம் வேண்டும் என்று கேட்டால் நிதி, ஒப்பந்தம் என்று ஆண்டுகள் ஓடும். கதவிலுள்ள பலகையை மாற்ற இரண்டு திருகாணி போதும்.

*கேள்வி: எங்கள் வளாகப் புல்வெளியின் குறுக்கே மாணவர்கள் நடந்து நடந்து ஒற்றையடிப்பாதை விழுந்துவிட்டது. வேலி போடவேண்டுமா?*

பதில்: வேலி போட்டால் வேலியைச் சுற்றி இன்னொரு பாதை விழும். கல் பதியுங்கள்.

*கேள்வி: சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. எல்லார் காதிலும் ஏதாவது ஒன்று செருகியிருக்கிறது. வகுப்பு முடிந்ததும் நேராக அறைக்குப் போய்விடுகிறேன். யாரிடம் போய்ப் பேசுவது, என்ன பேசுவது என்று தெரியவில்லை. எனக்கு மட்டுந்தான் இப்படியா?*

பதில்: இல்லை. இதே பொருளில் எனக்கு வந்த கடிதங்களை எல்லாம் வெளியிட்டால் இந்தப் பகுதியில் வேறெதற்கும் இடமிருக்காது. செருகியிருப்பவர்களில் பலர் எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பதையும் ஒரு மாணவரே எழுதியிருக்கிறார்: யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை என்பது தெரியாமலிருக்கவே செருகிக்கொள்கிறாராம்.

“துணிந்து பேசு” என்ற அறிவுரையை நான் தரமாட்டேன். அது பேசத் தெரிந்தவர்கள் பேசாதவர்களுக்குச் சொல்வது. எங்களுக்கு வரிசைகள் இருந்தன. துணிச்சல் தேவைப்படவில்லை, சலிப்பே போதுமானதாக இருந்தது. உங்களுக்கு அவை இல்லாததால் நீங்களே தேடிப் போய்க் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நூலகத்தில் நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே மேசைக்குப் போங்கள். இரண்டு வாரத்தில் எதிரில் இருப்பவருக்கு உங்கள் முகம் பழகிவிடும், நீங்கள் வராத நாளில் அவர் நிமிர்ந்து பார்ப்பார். ஆசிரியர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே வகுப்பு வாசலுக்குப் போய், செல்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு நில்லுங்கள்.

எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. ஏதாவது ஒரு மன்றத்தின் கூட்டத்துக்குப் போங்கள். எந்த மன்றம் என்பது முக்கியமில்லை, கூட்டத்தில் வாய் திறக்கவும் வேண்டாம். முடிந்ததும் எல்லாரும் கதவை நோக்கிப் போகும்போது நீங்கள் போகாதீர்கள். நாற்காலிகளை அடுக்கி ஓரமாக வைக்க நான்கைந்து பேர் பின்தங்குவார்கள். அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். எட்டு நாற்காலிக்கு மேல் அடுக்கினால் சரியத் தொடங்கும். ஒருவர் அடுக்கும்போது இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.